பெட்டி இருந்த இடம்

ஆலவிளையில் நாலுவழிச்சாலை வந்த வருஷத்தில் லீதியாளின் வீடு போயிற்று, ஏறி உள்ளே போகிற வீட்டு நடை போயிற்று, நடைக்கு மேற்கே நின்ற அயனிமரமும் வேரோடு போயிற்று. அயனிமர நிழலில் இருந்த தேன்பெட்டியை மட்டும் அவள் ஒரு சாயங்காலம் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, சாலைக்கு எதிர்ப்பக்கம் மிச்சமிருந்த மரச்சீனிக்கிழங்கு விளையில், புதிதாகத் தகரம் போட்ட வீட்டுக்கு முன்னால் கொண்டு வைத்தாள். மறுநாள் விடிந்ததும் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போன ஈக்கள், ரப்பர் தோட்டத்தில் தளிர்க்காம்புகளில் கசிகிற தேனை வயிறு முட்ட உறிஞ்சிக்கொண்டு, நேரே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன. அங்கே பெட்டி இல்லை. ஈக்கள் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி இருந்த உயரத்தில், பெட்டி இருந்த அகலத்தில், வெறும் காற்றிலேயே அடை கட்டி, கொண்டுவந்ததை அதில் ஊற்றிவிட்டு, மறுபடியும் தோட்டத்துக்குக் கிளம்பிப் போயின.

பெட்டி லீதியாளுடையது அல்ல, அவள் மகள் பிரின்சியுடையது. தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த பிரின்சி, படித்ததையெல்லாம் தேங்காய் திருவிக்கொண்டே அம்மாவிடம் ஒப்பிப்பாள்: பெட்டிக்கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது, வாசல் கிழக்கே பார்த்திருந்தால் ஈ வெயிலோடு எழுந்து வேலைக்குப் போகும், மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆறவைத்துச் சிரட்டையில் ஊற்றி உள்ளே வைக்க வேண்டும், கீழ் அறை குஞ்சுகளுக்கு, மேல் அறைத் தேன் மட்டும்தான் நமக்கு, கீழே கை வைக்கிறவன் உருப்படமாட்டான். லீதியாள் அடுப்பில் ஒரு கண்ணும் மகள் வாயில் ஒரு காதுமாக ‘ம்’ கொட்டுவாள். கணவன் செத்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று இருந்தது இந்தப் பிள்ளையின் சத்தம்தான், அது ஈயைப் பற்றியிருந்தால் என்ன, எருமையைப் பற்றியிருந்தால் என்ன.

அப்படித்தான் ஒருநாள் பிரின்சி சொல்லிக்கொண்டிருந்தாள். “பெட்டிய இடம் மாத்தணும்னா ரெண்டடி நகத்தணும், இல்லேங்கி ரெண்டு மைலுக்கு அங்கோட்டு கொண்டு போணும். எடையில வச்சா…”

“இதும் பயிற்சியில சொன்னாவளா?”

“இல்லம்மா. ரதீஷ் சொன்னாரு.”

“எந்த ரதீஷு?”

“பெட்டி செய்யுத ரதீஷு.”

ஒரு பெயரைச் சொல்லும்போது பெற்ற பிள்ளையின் குரல் எங்கே இளகுகிறது என்று தாய்க்குத் தெரியாதா? லீதியாள் அகப்பையைக் கீழே வைத்தாள். அவன் ஆசாரி வீட்டுப் பையன், வேற சாமி, வேற சாதி. பேச்சு வளர்ந்தது, பேச்சு ஏச்சாயிற்று, ஏச்சு அழுகையாயிற்று. கடைசியில் லீதியாள், “அவனுக்க கூட போனேங்கி இனி எனக்க நடையில காலு வைக்காதே,” என்று சொன்னாள். பிரின்சி போனாள். உடுத்திய துணியோடு போனவள் பெட்டியைக்கூடக் கொண்டுபோகவில்லை, போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். லீதியாளும் எங்கே என்று விசாரிக்கவில்லை. வீம்பில் அம்மாவும் மகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

ஆனால் ஈக்களுக்கு யாரோடும் கோபமில்லை, அவற்றுக்கு வேளைக்கு வேளை கவனிப்பு வேண்டும். லீதியாள் மகள் ஒப்பித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து எடுத்துச் செய்யத் தொடங்கினாள். கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்தாள், மழைக்குப் பாகு காய்ச்சினாள், தேங்காய் மட்டைக் கதம்பலைப் புகையவிட்டு, “ஒண்ணுமில்ல, நான்தான்,” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறக்கப் பழகினாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பிரின்சி பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது, அதற்காகவே தேவையில்லாத நாளிலும் திறந்தாள். சொல்லிய சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று மட்டும் பிரின்சி ஒப்பித்ததில் இல்லை. ஆகவே அவள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நடையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள், மகள் வந்தால் அவள் வாயைத் திறக்கும் முன்பே கையைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்று.

அந்த நடையைத்தான் சாலை எடுத்துக்கொண்டது. தம்பி நாகர்கோவிலில் இருந்து வந்து, “எனக்க வீட்டுக்கு வாக்கா, மேல்மாடி சும்மாதான் கெடக்கு,” என்று கூப்பிட்டான். “எனக்க பிள்ள வந்தா எங்க போய்த் தேடும்?” என்று கேட்டுவிட்டு லீதியாள் எதிர்ப்பக்கத்திலேயே தகரவீடு போட்டாள், வாசலைப் பழைய வீடு இருந்த திசையைப் பார்த்து வைத்தாள். பெட்டியையும் அங்கேயே வைத்தாள். அது இரண்டடியும் இல்லை, இரண்டு மைலும் இல்லை. ‘எடையில வச்சா’ என்ன ஆகும் என்பதை அவள் கேட்டு முடித்திருக்கவில்லை.

ஊருக்கு முதலில் சொன்னவர் மண் அள்ளும் வண்டியின் டிரைவர். ஒரு தேனடை யாரும் பிடிக்காமல் தொங்குகிறது, அது வரைக்கும் அள்ளிவிட்டேன், அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திருச்சிக்காரரான ஓவர்சியர் வந்து, அடைக்கு மேலே ஸ்கேலை விட்டுப் பார்த்தார், கீழே விட்டுப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

“ஏம்மா, இது எது மேல நிக்குது?”

“பெட்டியிலதான் சார்.”

“பெட்டியத்தான் நீங்க எடுத்துட்டீங்களே.”

“நான் எடுத்தேன் சார். ஈ எதுவும் எடுக்கல்லியே.”

ஓவர்சியர் ஸ்கேலை மடக்கி வைத்தார். அவருக்கும் ஊரில் ஒரு வீடு இருந்திருக்கும்போல. வரைபடத்தை விரித்து, நடுக்கோட்டை ஒரு முழம் தள்ளிப் போட்டார், அடை இருந்த இடம் இரண்டு பக்கச் சாலைக்கும் நடுவில் மண்திட்டாக நின்றது. திட்டின் ஓரக்கல்லுக்கு வழக்கம்போலக் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, வரிசையாக அரளிச்செடி நட்டார்கள். அடை இருந்த இடத்தில் மட்டும் ஒரு செடி குறைந்தது.

இப்படித்தான் அந்த அடை ஆலவிளையில் குடியிருந்தது, ஊரும் அதோடு குடியிருக்கப் பழகியது. எறும்பு ஏறுவதற்குக் காலில்லாத பெட்டி என்று மற்றத் தேன்பெட்டிக்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பங்குனியில் கோடைமழை பெய்தபோது, மழைத்தண்ணீர் அடைமேல் விழாமல், மேலே ஒரு சாண் உயரத்தில் எதன்மீதோ விழுந்து நாலுபக்கமும் ஒழுகியது. அந்த ஒழுக்கில் பெட்டியின் மூடியும் விளிம்பும் வாசல்பலகையும்கூடத் தெளிவாகத் தெரிந்தன, பார்ப்பதற்கு ஆட்கள் குடையோடு வந்து நின்றார்கள். சபைப் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து ஜெபம் பண்ணினார். அம்மன்கோயில் பூசாரி செவ்வாய்க்கிழமை வந்து பெட்டி இருப்பதாகத் தெரிந்த இடத்தில் மாலையைச் சாத்தினார், மாலை சரிந்து தரையில் விழுந்தது, அவர் கோபித்துக்கொள்ளாமல் அதை எடுத்து அரளிச்செடியில் கட்டிவிட்டுப் போனார். பேச்சு வராத பிள்ளைகளுக்கு அந்தத் தேனை நாக்கில் தடவினார்கள். பேச்சு வந்த பிள்ளைகள் இடறி விழுந்தால் அதற்கும் அந்தத் தேனையே தடவினார்கள். பக்கத்தில் ஒரு டீக்கடை முளைத்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை, பஸ்கள் நிற்க ஆரம்பித்தன, கண்டக்டர் மாசிலாமணி, “தேன்பெட்டி இறங்குறவங்க!” என்று கூவ ஆரம்பித்த பிறகு பழைய பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். அலறிக்கொண்டு வரும் லாரிகள்கூட அந்த இடத்தில் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போயின.

ஊரின் மனசை வேறொன்று பிசைந்தது. சாலைக்கு வீடு கொடுத்தது லீதியாள் ஒருத்தி அல்ல. ஈக்களுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்காதா என்று, ஒருவருக்கும் சொல்லாமல், ஒவ்வொருவராக வெயில் தாழ்ந்த நேரத்தில் தங்கள் வீடு இருந்த இடத்துக்கு வந்தார்கள். வாத்தியார் ஒருவர் சுவர் இருந்த இடத்தில் காலண்டரை மாட்டிப் பார்த்தார். புதுப்பெண் ஒருத்தி கண்ணாடியைக் கொண்டுவந்து, நல்லவேளை கீழே துணியை விரித்துவிட்டு, தொங்கவிட்டுப் பார்த்தாள். கொடி இருந்த இடத்தில் வேட்டியை விரித்துப் போட்டார்கள், மாடம் இருந்த இடத்தில் விளக்கை வைத்தார்கள், எல்லாம் விழுந்தன. விழுந்ததை எடுத்துத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காததுபோலத் திரும்பிப் போனார்கள். லீதியாளும் ஒருநாள், யாருமில்லாதபோது, நடை இருந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கக் குனிந்தவள், விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

காற்றில் இருந்த அடை கொழுத்தது, பெட்டியில் இருந்த கூட்டம் மெலிந்தது. அதுதான் லீதியாளின் தொல்லை. ராணி ஈ பெட்டியில் இருந்தது, அது இருந்த இடத்தில் இருந்துகொண்டு முட்டையிட்டது, முட்டை புழுவாகி, புழு ஈயாகி, சிறகு உலர்ந்து வெளியே பறக்கிற பருவம் வந்ததும் ஒவ்வொரு ஈயும் சாலையைக் கடந்து காற்றடைக்குப் போய்ச் சேர்ந்தது. புதுப்பெட்டியில் பிறந்ததுகளுக்குப் பழைய இடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வேலைக்குப் போகும் ஈயெல்லாம் பெண் ஈ. தாய் ஒரு பக்கம், பெண்மக்கள் மறுபக்கம், நடுவில் சாலை. லீதியாள் காற்றடையின் மேலோரத்திலிருந்து தேன் அறுத்துக் கிண்ணத்தில் ஏந்தி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, ராணியின் பெட்டிக்குள் கொண்டு வைப்பாள். சித்திரையில் சாலையைத் திறந்துவிட்ட பிறகு அந்தக் கடப்பே பெரும்பாடாயிற்று. புதிதாகப் பறக்கப் பழகிய ஈக்கள் வண்டிக் கண்ணாடிகளில் மோதி விழுந்தன, காலையில் அவள் முறத்தில் கூட்டி அள்ள வேண்டியிருந்தது.

தேன்பெட்டிகள் நிறைய வைத்திருந்த யோவான் வந்து ராணியின் பெட்டியைத் திறந்து பார்த்தார். சட்டங்களின் ஓரத்தில் வலைபோல நூல் படர்ந்திருந்தது.

“மெழுகுப்பூச்சி ஏறியாச்சு மைனி. கூட்டம் பெலமா இருந்தா அதுவளே தூக்கி எறிஞ்சிரும், இதுல ஆளு எங்க இருக்கு? சாரல் தொடங்கதுக்கு முன்ன இந்த ராணி போயிரும்.”

“அப்பறம் அங்க இருக்கியது?”

“ராணி போனா அதுவளும் ஒரு மாசம், கூடிப்போனா ஒண்ணர மாசம். ஈக்கு அவ்வளவுதான் ஆயுசு. புதுசா பொறக்காண்டாமா?”

“ஒரு வழியும் இல்லியா?”

“ஒண்ணு இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக்கி, ரெண்டு மைலுக்கு அங்கோட்டு கொண்டு போணும். அங்க போனா பழைய எடம் அதுவளுக்கு ஓர்மையில இருக்காது.”

ஈக்கள் பிழைக்க வேண்டுமென்றால் அந்த இடத்தை மறக்க வேண்டும். ஈக்கள் மறந்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறு அடையாளம் இல்லை. அயனிமரம் இல்லை, கிணறு இல்லை, நடை இல்லை. பிரின்சி ஒருநாள் வந்து இறங்கினால், இங்கேதான் என் வீடு இருந்தது என்று காட்ட அந்த அடை ஒன்றுதான் இருந்தது. மகளுக்காக அந்த ஈக்களைச் சாகவிடுவதா, ஈக்களுக்காக மகள் வரும் வழியை அழிப்பதா என்று லீதியாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சோறு ஆறியது.

விஷயம் வெளியே தெரிந்து ஊர் கூடிவிட்டது. எடுக்கக் கூடாது என்றார்கள். டீக்கடைக்காரர் வியாபாரத்தைச் சொன்னார், பூசாரி அம்மனைச் சொன்னார், போதகர் கர்த்தருடைய சித்தத்தைச் சொன்னார், காலண்டர் மாட்டிப் பார்த்த வாத்தியார் மட்டும் காரணம் எதையும் சொல்லாமல், “எடுக்காண்டாம் லீதியா, அது ஒண்ணாவது இருக்கட்டும்,” என்றார். அவர் சொன்னதுதான் அவளுக்குச் சுட்டது.

அந்த நேரம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் மாசிலாமணி டீக்கு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டவர், கேட்டு முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“அக்கா, ஒங்களுக்கு ஒரு பிள்ள உண்டா? நெத்தியில சின்னதா ஒரு தழும்பு?”

லீதியாள் எழுந்து நின்றாள். சின்ன வயதில் அயனிமரத்திலிருந்து விழுந்த தழும்பு அது.

“ஒவ்வொரு சனிக்கெழமையும் குலசேகரத்துல ஏறும் அந்தப் பிள்ள. இந்த ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட்டு எடுக்கும். எடம் வந்தா எந்திச்சிப் படி வரைக்கும் வந்து நிக்கும். அந்த அடையப் பாக்கும், ஒங்க தகரவீட்டப் பாக்கும். பொறவு மார்த்தாண்டத்துக்கு இன்னொரு டிக்கெட்டு எடுத்துட்டுப் போய் இருந்துக்கிடும்.”

“ஏன் எறங்கல்லன்னு நீரு கேக்கல்லியா தம்பி?”

“கேட்டேனே. ‘நடையக் காணல்லண்ணே’ன்னு சொல்லிச்சு.”

லீதியாள் போய், காலையில் கூட்டி அள்ளிய முறத்தை எடுத்துவந்து எல்லாருக்கும் முன்னால் வைத்தாள். சிறகு மடங்கிய ஈக்கள் மிளகைக் காயப்போட்டதுபோலக் கிடந்தன. வாத்தியார் குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வழிவிட்டார். டீக்கடைக்காரர் முணுமுணுத்தார், ஆனால் சணல்கயிறு எடுத்துக்கொடுத்ததும் அவர்தான்.

மறுநாள் வெயில் இறங்கி ஈக்கள் எல்லாம் அடைக்குத் திரும்பிய நேரத்தில், மாசிலாமணி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி ஒரு பக்கத்து வண்டிகளைப் பிடித்து வைத்தார், மறுபக்கத்து வண்டிகளை ஊரே நின்று பிடித்தது. லீதியாள் ராணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திட்டில் ஏறினாள். கதம்பல் புகையைக் காட்டி, “ஒண்ணுமில்ல, நான்தான்,” என்றாள். பெட்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கி, பழைய இடத்துக்குள் பையத் தள்ளினாள். பெட்டி அடைக்குள் போயிற்றா, அடை பெட்டிக்குள் போயிற்றா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கையை எடுத்தாள், பெட்டி காற்றில் நின்றது. உள்ளே ஒரு முழக்கம் எழுந்தது, வெகுநாள் பிரிந்திருந்த பெண்மக்களெல்லாம் ஒரே நேரத்தில் தாயிடம் பேசினால் எழுகிற முழக்கம். அது அடங்கும்வரை காத்திருந்து, வாசலில் வலையைக் கட்டி, கயிறு சுற்றி, அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பெட்டி கனத்தது. அதுவரை காற்று தூக்கிக்கொண்டிருந்த கனமெல்லாம் அவள் கையில் வந்து இறங்கியது.

“லக்கேஜுக்கு டிக்கெட்டு போடட்டா அக்கா?” என்று மாசிலாமணி சிரித்தார்.

“ஒரு ஆளுக்குப் போடும். குலசேகரம்.”

பிரின்சி ஏறுகிற இடத்தில் அவரே கைகாட்டி இறக்கிவிட்டார். பெட்டி செய்கிற ரதீஷ் வீடு எது என்று கேட்டுக் கேட்டு லீதியாள் போய்ச் சேர்ந்தாள். பாதி செய்த தேன்பெட்டிகள் அடுக்கியிருந்த ஒரு சின்ன வீடு, வாசலில் மரத்தூள். வெளியே வந்த பிரின்சி அப்படியே நின்றாள். வயிறு நிறைந்து ஏழெட்டு மாதமாகியிருந்தது. லீதியாள் பெட்டியை மாரோடு அணைத்தபடி நடைக்குக் கீழே நின்றாள்.

“எடையில வச்சா என்ன ஆவும்னு நீ சொல்லி முடிக்கல்ல மக்கா,” என்றாள். “நான் எடையில வச்சிட்டேன்.”

பிரின்சியின் உதடு துடித்தது. உள்ளிருந்து எட்டிப்பார்த்த ரதீஷ் உளியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய்விட்டான்.

“பிள்ளே,” என்றாள் லீதியாள், பெட்டியை இறக்காமலே, “நான் ஒனக்க நடையில காலு வைக்கலாமா?”

“மொதல்ல பெட்டிய கீழ வையம்மா, கை நடுங்குது,” என்றாள் பிரின்சி. குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் அவள் பயிற்சிக்குப் போனவள் அல்லவா, “வாசல கிழக்க பாத்து வை,” என்றும் சொன்னாள். பிறகு இறங்கிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, அவள் வாயைத் திறக்கும் முன்பே, உள்ளே ஏற்றினாள்.

மறுநாள் காலையில் பிரின்சி வலையை அவிழ்த்து, வாசலுக்கு முன்னால் ஒரு தழைக்கொம்பைச் சாய்த்து வைத்தாள். புது இடத்தில் அப்படி வைத்தால்தான் ஈ நிதானிக்கும். ஈக்கள் வெளியே வந்தன. நேரே பறந்து போகவில்லை. வெளியே வந்ததும் திரும்பி, பெட்டியைப் பார்த்தபடியே கொஞ்சம் பின்னால் பறந்தன, இன்னும் கொஞ்சம் பின்னால் போய் இடமும் வலமுமாக ஆடிப் பார்த்தன, வட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பெட்டியையும் மரத்தூளையும் வீட்டையும் தெருவையும் பார்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் வேலைக்குப் போயின. பழைய இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. ஆலவிளையில் பஸ்கள் இப்போதும் தேன்பெட்டி ஸ்டாப்பில் நிற்கின்றன, குறைந்த ஒரு அரளிச்செடியை இன்னும் யாரும் நடவில்லை.

கடையில் பால் வாங்கிவரச் சொன்னாள் பிரின்சி. லீதியாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடையில் இறங்கினாள். இரண்டடி வைத்தவள் நின்று, திரும்பி, கதவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பின்னால் போய் வீட்டைப் பார்த்தாள், இந்தப் பக்கமிருந்து ஒருமுறை, அந்தப் பக்கமிருந்து ஒருமுறை. தெருமுக்கு வரைக்கும் போய், அங்கிருந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பால் வாங்கப் போனாள்.